எண்பதாம் ஆண்டில் கண் விழிக்கும் கணினி

மல்லாவியில் நான் வேலை செய்த நிவாரண அலுவலகத்தின் கணினிக்கு ஒவ்வொரு காலையும் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு தை மாதம் முதலாம் திகதி. ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்து, அது இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியதும் திரையில் அந்த ஜனவரி முதலாம் திகதி வந்து நிற்கும். கீழே, சரியான திகதி என்ன என்று ஒரு கேள்வி. நான் தட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே மணிக்கூட்டை ஓட்டும் சின்னப் பற்றரி செத்து இரண்டு வருடமாகியிருந்தது. போர் காரணமாக வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. ரேடியோ கேட்கவே ஆட்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கணினிக்குள் கிடக்கும் நாணயம் அளவு பற்றரிக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்?

அந்த நாட்களில் காலையில் என்னிடம் முதலில் ஏதாவது கேட்பது அந்தக் கணினிதான். நான் என்ன சொன்னாலும் நம்பிவிடும். ஒருநாள் எரிச்சலில் என்னுடைய பிறந்த திகதியைக் கொடுத்துப் பார்த்தேன். அது எண்பதுக்கு முந்தியது என்று ஏற்க மறுத்துவிட்டது.

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. "ரைப் அடிக்கிற பிள்ளை" என்பார்கள். நானும் விட்டுவிட்டேன். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பெயர்களைப் பதிந்து, மாதாமாதம் யாருக்கு எவ்வளவு அரிசி, மா, பருப்பு, சீனி என்று பட்டியல் அச்சடிக்க எங்களிடம் ஒரு புரோகிராம் இருந்தது. அதை எழுதியவர் கொழும்பில் இருந்தார். மூலம் அவரிடம். எங்களிடம் இருந்தவை மூன்று பிரதிகள்: மல்லாவியில் ஒன்று, மாங்குளத்தில் ஒன்று, அக்கராயனில் ஒன்று. புரோகிராமும் ஒரே துண்டாக இருக்கவில்லை. குடும்பங்களைப் பதிவதற்கு ஒரு கோப்பு, பதிந்ததில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒன்று, அச்சடிப்பதற்கு ஒன்று. மூன்றும் ஒரு வீட்டுச் சகோதரங்கள் மாதிரி. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் முறைத்துக்கொள்ளும். ஆகவே கொழும்பில் ஒரு வரி மாறினால் மூன்று ஊர்களிலும் அந்த வரி அப்படியே மாற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தொலைபேசி கிடையாது. டிஸ்கெட்டும் என் சைக்கிளும் இருந்தன.

டிஸ்கெட் வவுனியாவிலிருந்து நிவாரண லொறியில் வரும். சோதனைச் சாவடியில் லொறியை முழுக்க இறக்கி, மூட்டைக்கு மூட்டை கம்பியால் குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றி அனுப்புவார்கள். டிஸ்கெட்டுக்கென்று அனுமதிக் கடிதம் இருந்தது. இருந்தாலும் சாரதி அதைத் தன் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேல் வைத்துத்தான் கொண்டுவருவார். என் கைக்கு வரும்போது அதில் கருவாட்டுக் குழம்பு மணக்கும். நான் அதைத் துடைத்து, பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். மாங்குளத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். அக்கராயனுக்கு அரை நாள். செம்மண் புழுதி கண்ணிமை வரை ஏறிவிடும்.

ஆனால் கிளம்ப முதல் ஒரு வேலை இருக்கிறது. வந்த புதிய கோப்பையும் எங்களிடமுள்ள பழையதையும் அச்சடித்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கோடு போடும் அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்தி நகர்த்தி வாசிப்பேன். எங்கே மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று விளங்கிய பிறகுதான் கணினியில் ஏற்றுவேன். இரண்டு நாள் எடுக்கும். இந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூட. மூன்று இடங்களிலும் கணினிக்கு மேலே ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன்: மூலம் கொழும்பில் இருக்கிறது, இங்கே இருப்பது பிரதி, பிரதியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை அக்கராயன் எழுதுவினைஞர் பட்டியல் வடிவாக வரட்டும் என்று அச்சடிக்கும் கோப்பில் நாலு வரியை மாற்றிவிட்டார். அடுத்த டிஸ்கெட் வந்தபோது எல்லாம் குழம்பியது. நான் போய் அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்த சிலரில் ஒருவரையும் அப்படித் தொலைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் நாங்கள் ஐந்து பேராக யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தோம். அம்மா, அப்பா, இரண்டு தம்பிமார், நான். அடுத்த சித்திரையில் நாலு பேரும் திரும்பிப் போனார்கள். எனக்கு அப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் செய்துவிட்டு வருகிறேன் என்றேன். பிறகு யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டுப்பட்டது. கடிதம் போய்ச் சேர மூன்று மாதம், பதில் வர மூன்று மாதம். அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதும்போது அவவுக்குக் கேட்டதே மறந்திருக்கும்.

ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரி நல்ல மனுசி. வெள்ளிக்கிழமைகளில் கறி கொடுத்துவிடுவா. ஆனால் பொழுதுபட முன்னரே நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவா. அந்தச் சத்தத்துக்குப் பிறகு நான் அடுத்தநாள் காலை வரை வாய் திறக்கத் தேவையில்லை. ஒரு ஆளுக்குச் சோறு காய்ச்சுவது எவ்வளவு கரைச்சல் என்று அப்போதுதான் பழகினேன். எங்கள் வீட்டுப் பானையில் ஒரு சுண்டு அரிசி போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கரண்டியால் தேட வேண்டும். தனிமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளை நான் வெறுத்தேன்.

என்னோடு உண்மையாகக் கதைத்தவர் என்றால் அந்தக் கொழும்புக்காரர்தான். நான் அவரைக் கண்டதில்லை. ஆணா பெண்ணா, தமிழா சிங்களமா என்றுகூடத் தெரியாது. "அவர்" என்று மரியாதைக்கு எழுதுகிறேன். புரோகிராமுக்குள் ஒரு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் கணினி அந்த வரியைப் பாராமல் தாண்டிப் போய்விடும். மனிதர் மனிதருக்கு எழுதும் குறிப்பு அது. முதலில் அவர்தான் எழுதினார்: இந்த இடத்தில் கவனம், இதைத் தொட வேண்டாம். நான் கீழே ஒரு நட்சத்திரம் போட்டு, தொடவில்லை, ஆனால் இங்கே ஒரு பிழை இருக்கிறது என்று எழுதி அடுத்த லொறியில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து நன்றி என்று வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. அதைத் தேடித்தான் நான் அடிமட்டத்தை அவ்வளவு கவனமாக நகர்த்தினேன் என்பதை இப்போது சொன்னால் வெட்கமில்லை.

ஒருமுறை அவர் எழுதினார்: உங்கள் கோப்புகளில் திகதி ஒழுங்கில்லை, கணினியின் பற்றரியை மாற்றுங்கள், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். பிறகு எடுத்து விரித்தேன். இங்கே பற்றரிக்கு அனுமதி இல்லை என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அடுத்த டிஸ்கெட்டில் அந்த வரிக்குக் கீழே இருந்தது: மன்னிக்கவும், எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதம், அம்மா ஒருவர் தன் நிவாரண அட்டையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றா. ஐம்பது வயதிருக்கும். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்தோடு வன்னிக்கு வந்து, கண்டாவளையில் வயல் வேலை செய்து குடியேறியவ. அங்கிருந்தும் இடம்பெயர்ந்து இப்போது மல்லாவிக்குக் கிட்ட ஒரு கொட்டிலில் இருந்தா. கணவர் முன்னமே இறந்துவிட்டார். மகளும் மருமகனும் பிள்ளைகளும் மன்னார்ப் பக்கமாகப் போய் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். கடலைக் கண்டால் பயம் என்று இவ போகவில்லை. கிராம சேவையாளர் போன நாலு பேரையும் அட்டையில் வெட்டி, இவவை மட்டும் மிச்சம் விட்டிருந்தார். அந்த மாதப் பட்டியலில் இவவின் பெயரே இல்லை.

"அட்டையில இருக்கேன் தங்கச்சி, பட்டியல்ல இல்லங்கிறாங்க. எங்க போனேன்னு பாருங்க."

பார்த்தேன். சரிபார்க்கும் கோப்பில் ஒரு வரி: குடும்பத்தில் இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் அது தட்டச்சுப் பிழை, பட்டியலில் சேர்க்காதே. கொழும்பிலிருந்து எழுதியவருக்கு ஒரு ஆள் உள்ள குடும்பம் என்று ஒன்று தோன்றவே இல்லை. தேடிப் பார்த்தால் அந்த வரியால் விழுந்தவர்கள் மூன்று இடங்களிலும் இருந்தார்கள். வயது போனவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகள் எங்கே என்று தெரியாதவர்கள். சிலர் மாதக் கணக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கொழும்புக்கு எழுதி, திருத்தி வருவதற்கு இரண்டு மாதமாகும். கணினிக்கு மேலே நான் ஒட்டிய அட்டையைப் பார்த்தேன், யாரும் கை வைக்கக் கூடாது என்று என் கையெழுத்தில் இருந்தது. அடுத்தநாள் ஜெனரேற்றரை நானே இழுத்தேன். மண்ணெண்ணெய் அரை மணித்தியாலத்துக்குத்தான் இருந்தது. திரையில் எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதி, சரியான திகதி என்ன என்ற கேள்வி. அவசரத்தில் ஒன்றும் தட்டாமல் அப்படியே தாண்டிப் போனேன். இரண்டு என்ற இடத்தில் ஒன்று என்று மாற்றினேன். மேலே ஒரு நட்சத்திரம் போட்டு, ஒருவரும் குடும்பமே என்று எழுதினேன். கோப்பை டிஸ்கெட்டில் பிரதி எடுத்து மாங்குளத்துக்கும் அக்கராயனுக்கும் கொண்டுபோய் ஏற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு பிரதியை லொறியில் கொழும்புக்கு அனுப்பினேன். அடுத்த மாதப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி வாங்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினா.

உலகம் முழுக்க முந்திய வருடமே இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பயந்து கணினிகளைத் திருத்தி முடித்திருந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதால் எல்லாம் நின்றுவிடும் என்றார்கள். எங்களுக்கு அந்தத் திருத்தம் ஆவணியில் வந்து சேர்ந்தது, எட்டு மாதம் பிந்தி. ஒவ்வொரு காலையும் இருபது வருடம் பின்னால் போய் வரும் கணினியை ஒரு நூற்றாண்டு என்ன செய்துவிடும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த டிஸ்கெட்டில் புதிதாக ஒன்று இருந்தது. ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு. அதை ஓடவிட்டால் அதுவே எங்கள் கோப்புகளின் திகதியையும் தன் கோப்புகளின் திகதியையும் ஒப்பிட்டு, எங்களுடையது பழையதாக இருந்தால் புதியதை மேலே போட்டுவிடும். கூடவே அவருடைய குறிப்பு: இனி நீங்கள் வரி வரியாகப் பார்த்துக் கஷ்டப்படத் தேவையில்லை, நானும் இதைப் பாவித்துத்தான் நீங்கள் அனுப்பியவற்றை இங்கே சேர்த்தேன். நான் கஷ்டப்படுகிறேன் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது. அடிமட்டத்தை எடுக்கவே இல்லை. ஒரு கட்டளை, ஒரு நிமிடம். மாங்குளத்தில் ஒரு நிமிடம், அக்கராயனில் ஒரு நிமிடம். திரும்பி வரும் வழியில், தண்டவாளம் இல்லாத மாங்குளம் ஸ்ரேசனுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்தேன். மூன்று ஊரும் கொழும்பும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று நினைக்கச் சந்தோசமாக இருந்தது.

நிவாரணம் கொடுக்கிற அன்று பத்து மணிக்கு அந்த அம்மா வந்தா. சங்கக்கடை வரிசையிலிருந்து நேரே வந்திருக்கிறா, வெறும் பை கையில். உட்காரக் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"திரும்பப் போச்சு" என்றா. "என் பேரு திரும்பப் போச்சு தங்கச்சி."

பட்டியலைப் புரட்டினேன். அவ மட்டுமில்லை, தனி ஆட்கள் ஒருவரும் இல்லை. கோப்பைத் திறந்தேன். ஒன்று என்று நான் மாற்றிய இடத்தில் இரண்டு என்று இருந்தது. நட்சத்திரம் போட்ட என் வரியும் இல்லை. சேர்த்துவிட்டேன் என்று எழுதினானே, பொய்யன் என்று அவருக்கு நான் கொடுத்த மரியாதையெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது.

"கொழும்பில பிழை விட்டிட்டினம் அம்மா. என்ரை பிழை இல்லை" என்றேன்.

"யாரு பிழையோ. தோட்டத்துல செக்ரோல்லருந்து, வேலையாளுங்க பேரேட்டுலருந்து, பேர வெட்டுனாங்க. பெறகு இந்த நாட்டு ஆளே இல்லன்னாங்க. வெட்டுன பேரு எதுவும் திரும்பி வரல தங்கச்சி. நான் பாத்துட்டேன்."

எங்கள் அதிகாரி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சுருக்கமாக முடிக்கப் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கேன் இவ்வளவு கரைச்சல்? தனி ஆக்களைப் பக்கத்துக் குடும்பத்து அட்டையோட சேத்து விடுங்கோ பிள்ளை. கொம்பியூட்டருக்கும் பிரச்சினை இல்லை, சாமானும் கிடைக்கும்."

"சேத்தா பழைய அட்டை இலக்கம் இல்லாமப் போயிடும் சேர். திரும்ப எடுக்கேலாது."

"பரவாயில்லை. கொழும்பில திருத்தி வருமட்டும் இந்தச் சனம் பட்டினி கிடக்கிறதே? மூலம் அங்கதானே. இஞ்சை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது எண்டு நீர்தானே எழுதி ஒட்டி வைச்சிருக்கிறீர். வெள்ளிக்கிழமைக்குள்ள சேத்து முடிச்சுத் தாரும்."

அன்று புதன்கிழமை. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னா: "இன்னொருத்தங்க அட்டையில நான் இருக்க மாட்டேங்க. அவங்க கோவிச்சாங்கன்னா நான் இல்லாமப் போயிருவேன். அரிசி இல்லாட்டியும் பரவால்ல, என் அட்டை எனக்கு வேணும்." சொல்லிவிட்டு வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டா.

அவ போன பிறகு கொழும்புக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி, இரண்டு வரி இல்லை, இரண்டு பக்கம். அவருடைய அறியாமை, பொய், பற்றரிக் கதை எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன். அத்தாட்சியாக மாசியில் அனுப்பிய கோப்பின் விபரத்தையும் எழுதுவோம் என்று என் பிரதி டிஸ்கெட்டைப் போட்டுப் பட்டியலைப் பார்த்தேன். மற்றக் கோப்புகளுக்கு எதிரே சரியான திகதிகள் இருந்தன. சரிபார்க்கும் கோப்புக்கு எதிரே எண்பதாம் ஆண்டு, தை, ஒன்று.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அன்று அவசரத்தில் திகதி தட்டாமல் தாண்டிப் போனேனே, அந்தத் திருத்தத்தின் வயது அதுதான். நான் மாங்குளத்துக்கும் அக்கராயனுக்கும் கொண்டுபோனதும் அதே திகதியோடு போனது. கொழும்புக்குப் போனதும் அப்படியே. அவருடைய கணினி திகதியைப் பார்த்திருக்கிறது, இருபது வருடப் பழசு என்று என்னுடையதைத் தள்ளிவிட்டிருக்கிறது. இங்கே நான் கட்டளையை ஓடவிட்டபோது மூன்று கணினிகளும் அதையே செய்தன. கணினி ஒன்றும் பிழை விடவில்லை. கொழும்புக்காரரும் பொய் சொல்லவில்லை. ஒரு திகதி தட்டப் பஞ்சிப்பட்டவள் நான். பிறகு இரண்டு நாள் ஒப்பிட்டு வாசிக்கவும் பஞ்சிப்பட்டு, சோம்பி இருந்துவிட்டேன்.

இரண்டு பக்கக் கடிதத்தைக் கிழித்தேன். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யத்தான் பயமாக இருந்தது. இங்கேயே திருத்துவதென்றால் நான் முன்னமே ஒருதரம் யாருக்கும் சொல்லாமல் கை வைத்ததை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் இனிமேல் கணினிப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு ஒன்றும் இல்லை. அந்த நட்சத்திர வரிகளும் இல்லை. பேசாமல் இருந்தால் ஒன்றும் நடக்காது. வெள்ளிக்கிழமை தனி ஆட்கள் எல்லாரும் யாரோ ஒருவர் அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள், பிழை கொழும்பில் இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பின்னேரம் முழுக்க அப்படியே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நடுக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் யோசித்தேன். சோறு காய்ச்சவில்லை.

வியாழன் காலையில் போய்ச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீர் ஏன் எங்களைக் கேக்காமல் மாத்தினனீர்?"

"கேட்டா இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுவியள் எண்டு நினைச்சனான்."

"நேற்றுக் கொழும்பில பிழை எண்டு சொன்னனீர்."

"ஓம் சேர். என்ரை பிழை."

அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டார். அக்கராயன் எழுதுவினைஞரைப் போய்க் கிழித்துவிட்டு வந்தது நான்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியில், என்ன மாற்றுகிறேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். வெள்ளி மாலைக்குள் மூன்று இடத்திலும் முடிந்தால் அட்டைகளைச் சேர்க்கும் வேலையை விடுவோம் என்றார். முடியாவிட்டால் அவர் சொன்னபடிதான்.

ஜெனரேற்றர் ஓடியதும் கணினி கேட்டது. நாள், மாதம், ஆண்டு என்று ஒவ்வோர் இலக்கமாகத் தட்டி, இரண்டு தரம் சரிபார்த்தேன். இரண்டை ஒன்றாக்கினேன். நட்சத்திர வரியைத் திரும்ப எழுதினேன். வியாழன் மாங்குளம். வெள்ளி விடிய அக்கராயன். வழியில் சங்கிலி மூன்று தரம் கழன்றது. அக்கராயன் எழுதுவினைஞரிடம், நீங்கள் அன்று செய்ததைத்தான் நானும் செய்தேன், பிறகு அதைவிடக் கேவலமாகச் செய்தேன் என்று சொன்னேன். அவர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெள்ளி மாலை நாலு மணிக்கு மல்லாவிக்கு வந்து அதிகாரியின் மேசையில் மூன்று பட்டியலையும் வைத்தேன். யாரையும் யாரோடும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை அந்த அம்மாவின் கொட்டிலுக்குப் போய், பெயர் வந்துவிட்டது என்றும் பிழை என்னுடையது என்றும் சொன்னேன். கோபித்துக்கொள்வா என்று நினைத்தேன். "காட்டுங்க" என்றா. திங்கள் கணினி ஓடும் நேரத்துக்கு வந்தா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. திரையில் அவவின் வரியை நான் விரலால் காட்ட, அவவும் கிட்ட வந்து தன் விரலை அதன் மேல் வைத்தா.

"இதா நான்?"

"ஓம். இந்த 'ஒண்டு' எண்டிறது உங்கடை குடும்பத்தில எத்தினை பேர் எண்டு."

அவ விரலை எடுக்கவில்லை. வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனா.

"நீங்க எந்த எடத்துல இருக்கீங்க தங்கச்சி?"

"நான் இல்லை அம்மா. நான் வேலை செய்யிற ஆள். எனக்கு நிவாரணம் இல்லை."

"அரிசிக்குக் கேக்கல. பேருக்குக் கேட்டேன். ஒங்க பேரு எந்தப் பட்டியல்லயும் இல்லையா?"

ஐந்து பேருடைய எங்கள் பழைய அட்டை, மற்றவர்கள் யாழ்ப்பாணம் போனபோது ரத்தானது. எல்லாக் குடும்பங்களையும் பதிய வேண்டும், நிவாரணம் எடுக்காதவர்களையும் பதிய வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதிப்படி ஊரையே பதிந்தவள் என்னைப் பதியவில்லை. மாசி வரை, தனி ஆள் ஒரு குடும்பமாகாது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாட்டு. அதற்குப் பிறகு சாட்டும் இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

நடந்த முழுவதையும் ஒன்பது நட்சத்திர வரிகளில் கொழும்புக்கு எழுதி அனுப்பினேன். இவ்வளவு நீளமாக அதற்கு முன் எழுதியதில்லை. ஐப்பசியில் பதில் டிஸ்கெட் வந்தது. கட்டளைக் கோப்பை ஓடவிடவில்லை. அச்சடித்து, விரித்து, அடிமட்டத்தை எடுத்தேன். சரிபார்க்கும் கோப்பின் நாற்பதாவது வரியிலோ எங்கோ, ஒன்று என்றே இருந்தது. மூலத்திலும் அது ஏறிவிட்டது. அதற்கு மேலே, ஒருவரும் குடும்பமே என்ற என் வரி, என் நட்சத்திரத்தோடு. அதற்குக் கீழே அவருடைய வரி புதிதாக இருந்தது: எனக்கே தெரிந்திருக்க வேண்டும், இங்கே என் வீட்டிலும் நான் ஒருவர்தான்.

அடிமட்டத்தை அந்த வரிக்குக் கீழேயே வைத்துவிட்டு அழுதேன். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, தும்மியதுபோல் ஒரு சத்தம் செய்து வெளியே போனார்.

பிறகு பதிவுக் கோப்பைத் திறந்தேன். குடும்பத் தலைவரின் பெயர் கேட்டது, கொடுத்தேன். விலாசம் கேட்டது, அந்தப் பின்பக்க அறையின் விலாசத்தைக் கொடுத்தேன். எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று என்று தட்டினேன். கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை எடுத்துக்கொண்டது.